வீட்டில் சொல்லாத சொல்

ஆகஸ்ட் 17, திங்கள்

விடியலில் இருந்து தூறல். அம்பிட்டிய ரோட்டில் கணுக்கால் வரை சேறு. ஹோட்டலில் சமையல் கழிவு வந்து சேரும் கொழுப்புத் தொட்டியைத் திறந்து நான் இறங்க வேண்டிய நாள். திறக்கவில்லை. மேலே கயிறு பிடித்து நிற்க ஆள் இல்லை.

மதலேன் சனிக்கிழமையில் இருந்து ஆஸ்பத்திரியில். மாதா திருநாள் பூசைக்குப் புதுச் சேலை உடுத்தியவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெற்றி கொதித்தது. நெருப்புக் காய்ச்சல், டைபாயிட், என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பார்க்க விடுவது பின்னேரம் கொஞ்ச நேரம். இன்று போய் உட்கார்ந்தேன். என்ன பேசுவது? கல்யாணம் முடித்த நாளில் இருந்து பேசுகிறவள் அவள், "ம்" கொட்டுகிறவன் நான். இன்று அவள் வாய் வறண்டு கிடக்கிறது. நான் கட்டில் காலைப் பார்த்தேன். கூரையைப் பார்த்தேன். மணி அடித்துவிட்டது. எழும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். மடையன். பெண்சாதி சீக்காய்க் கிடக்கிறாள், இரண்டு வார்த்தை பேச வக்கில்லை.

அதற்குத்தான் இந்தக் கொப்பி. பகலில் பார்த்தது, கேட்டது எல்லாம் எழுதிவைத்தால் பின்னேரம் சொல்லலாம்.

நாளை சொல்ல:
கறுப்புக் கோழி முட்டையிட்டது. வெள்ளை வழக்கம்போல் சும்மா கத்துகிறது.
ஹோட்டலில் சமைக்கிற கோக்கி பண்டா விசாரித்தான்.
பெரஹரா ஊர்வலத்துக்கு யானைகள் வரத் தொடங்கிவிட்டன. ஒன்று குளக்கரையில் வாழைக்குலையோடு போனது.
புதுச் சேலையைத் துவைத்து மடித்து அலுமாரியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

தூறல் விடவில்லை. ரஷீது நானாவின் சாப்பாட்டுக்கடைக் கழிவுநீர்க் கான் மட்டும் பார்த்தேன். அது ஆழமில்லாதது, இறங்க வேண்டாம், மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினால் போதும்

(வரிக் கடைசியில் அந்தச் சொல்லை எழுதிவிட்டேன். எழுதினால் பரவாயில்லை. வாயால்தான் கூடாது.)

ஆட்டுக்கொழுப்பு கல்லாய் உறைந்து கிடந்தது. சுடுதண்ணீரும் சவுக்காரமும் ஊற்றிப் பிறகுதான் அசைந்தது. நானா பின்வாசலுக்கு வந்து தேத்தண்ணீர் தந்தார். கண்ணாடிக் கோப்பையில். மற்றக் கடைகளில் சிரட்டைதான்.

"பொண்டாட்டிக்கி எப்பிடி ஈக்கி?"

"அப்படியேதான் நானா."

"அல்லாஹ் லேசாக்குவான். நானும் துஆ கேக்கிறேன். நீங்க சாப்பிடாம ஈக்க வாணாம்."

இரண்டு தரம் குளித்தேன், சுண்ணாம்பும் கரியும் தேய்த்து. அப்படியும் வார்டில் பக்கத்துக் கட்டில்காரியின் அக்கா மூக்கில் சேலையை வைத்தாள். வைக்கட்டும்.

மதலேனிடம் கொப்பியை விரித்துப் படித்தேன். கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"எழுதி வச்சா படிக்கிறீங்க?"

"ம்."

"ஐயோ மாதாவே. பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி." சிரித்தாள். சிரித்தாள்! உதடு வெடித்து இரத்தம் வந்தது. "யானைக்கு எத்தன கொம்பு? ஆம்பளையா, பொம்பளையா? அதக் கூடப் பாக்கலையா? என்ன மனுசனோ."

பார்க்கவில்லை. நாளை பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 20, வியாழன்

வெயில், பிறகு மழை. இனியும் தள்ள முடியாது. ஹோட்டல் தொட்டியைத் திறந்தோம். மேலே நிற்க என் சித்தப்பா மகன் சின்னப்பன். நல்லவன், பலசாலி, ஆனால் பேச்சில் என்னிலும் மோசம். இறங்கும் முன் சொல்லிச் சொல்லி வைத்தேன்: வாயை மூடாதே, எதையாவது பேசு. சரி என்றான். நான் இறங்கினேன்.

"அண்ணே."

"ம்."

பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "அண்ணே."

"ம்."

இதுதான் அவன் பேச்சு. மேலே காகம் கத்தியது. அதுவாவது கத்தியது.

தொட்டிக்குள் பன்றிக்கொழுப்பும் வெண்ணெயுமாய் ஆடை கட்டி நிற்கிறது. மேலே நின்றால் பாத்திரங்களின் சத்தம், கீழே நின்றால் என் மூச்சின் சத்தம். மேலே மதலேன் நின்றால் இதொன்றும் கேட்காது, அவள் சத்தம்தான். கறிக்கு உப்புக் கூடியது, தங்கச்சி புருஷன் குடித்தது, கோயிலில் யார் யார் பின்னால் உட்கார்ந்தார்கள். எனக்கு அலுப்பாய் இருக்கும். ஒரு நாளாவது சும்மா இரேன் என்று நினைத்திருக்கிறேன். கடவுளே, அப்படி நினைத்திருக்கிறேன்.

சொல்ல: யானை ஆண். இரண்டு கொம்பு, ஒன்று நுனி உடைந்தது. அதன் பாகனுக்கு ஒரு கண் இல்லை.

ஆகஸ்ட் 21, வெள்ளி

வார்டு நர்ஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மெலிந்த உடம்பு, கறாரான பேச்சு. இன்று என்னை வெளியே கூப்பிட்டாள்.

"உங்கட மனுசி இரவு முழுக்க 'இருக்கீங்களா, இருக்கீங்களா' எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவ. ஆரைக் கேக்கிறா?"

என்னைத்தான் என்றேன். பிறகு சொன்னேன். இவ்வளவு நீளமாய் நான் யாரிடமும் பேசியதில்லை.

தொட்டிக்குள் காற்றுக் கெட்டால் தூக்கம் போல வரும், இறங்கினவனுக்கே தெரியாது. அதனால் மேலே கயிறு பிடித்து நிற்பவர் விடாமல் பேச வேண்டும், கீழே இருப்பவன் ஒவ்வொன்றுக்கும் "ம்" சொல்ல வேண்டும். "ம்" வராவிட்டால், "இருக்கீங்களா?" அதற்கும் வராவிட்டால் கப்பியில் இழுத்து ஏற்ற வேண்டும். கீழே இருப்பவனுக்குச் சொல்ல ஒரே ஒரு சொல்தான், "போதும்". அதைக் கேட்டால் உடனே ஏற்ற வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்வி கிடையாது. மதலேனுக்கு நாவலப்பிட்டித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக்கூடை சுமந்த முதுகு. என்னை ஏற்ற அவள் ஒருத்தி காணும், இன்னொரு ஆள் வேண்டாம்.

"அப்ப அவ உங்களைக் குழிக்குள்ள விட்டிட்டு வந்தமாதிரி நினைக்கிறா" என்றாள் நர்ஸ்.

"அம்மா, இனிக் கேட்டா நீங்க 'ம்' சொல்லுவீங்களா? அது ஒண்ணுதான்."

"ஓம், சொல்லுறன்."

கறாரான பிள்ளைதான். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 22, சனி

மழை. கான் வேலை இல்லை. வீட்டைக் கூட்டினேன். அவள் சட்டியில் ஒட்டின சோறு அப்படியே காய்ந்து கிடக்கிறது, சுரண்ட மனம் வரவில்லை.

"ம் எண்டு சொன்னனான். உடன அடங்கி நித்திரையாயிட்டா" என்றாள் நர்ஸ். கும்பிட்டேன்.

மதலேனிடம் மெதுவாய்க் கேட்டேன், இரவில் என்னைக் கூப்பிட்டாயா என்று.

"கூப்புட்டேன். யாரோ 'ம்' போட்டாங்க. அது நீங்க இல்ல."

"எப்படித் தெரியும்?"

"உங்க 'ம்'ல ஒரு சலிப்பு இருக்கும். அது இல்ல. சரி, எவளோ பாவம்னு கண்ண மூடிக்கிட்டேன்."

சலிப்பு. தெரிந்துதான் இத்தனை வருஷம் பேசியிருக்கிறாள்.

நர்ஸ் கஞ்சித்தண்ணீர் ஊட்டினாள். இரண்டு கரண்டி உள்ளே போனதும் மதலேன் கையால் தடுத்து, "காணும்" என்றாள். நர்சுக்கு ஆச்சரியம்.

"நீங்கள் தோட்டத்து ஆக்கள். எங்கட யாழ்ப்பாணத்துச் சொல்லு உங்களுக்கு எப்பிடி வந்தது?"

மதலேன் என்னைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்க என்பதாக. சொன்னேன்.

கல்யாணமான புதிது. சோறு போட்டாள். வயிறு நிறைந்துவிட்டது, நான் "போதும்" என்றேன். அவ்வளவுதான். கையில் இருந்த சோற்றுச்சட்டியைப் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்து இழுத்துவிட்டாள். நான் மல்லாந்து விழ, சோறெல்லாம் தரையில். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அவள் அழுதாள். "இந்தச் சொல்லு இனிமே வீட்ல வேணாம். சோத்துக்குச் சொல்லிச் சொல்லிக் காது பழகிட்டா, ஒருநாள் குழிக்குள்ள இருந்து நீங்க சொல்றப்போ கை ஓடாம போயிரும்" என்றாள். அன்றோடு சரி. ஹோட்டல் ஸ்டோர்க் கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணம். அவர் சாமான் நிறுக்கும்போது, அளவு சரி, இனி வேண்டாம் என்பதற்குக் "காணும், காணும்" என்பார். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டோம். சோற்றுக்கு, தண்ணீருக்கு, சண்டைக்கு, எல்லாவற்றுக்கும் "காணும்". அவள் தங்கை ஞானம் வந்தால் கேலி செய்வாள்: "எப்பக்கா யாழ்ப்பாணத்துக்காரி ஆன?"

நர்ஸ் சிரித்தாள். மதலேனும் சிரித்தாள். நல்ல நாள்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

பூசை. அந்தோனியாருக்கு மெழுகுதிரி. சாமியார் அவள் பெயரைச் சொல்லி மன்றாடினார். அவளுக்குப் பெருமையாய் இருக்கும், சொல்ல வேண்டும்.

சொன்னேன். காதில் விழுந்ததா தெரியவில்லை. வயிறு உப்பியிருக்கிறது. கண் பாதி திறந்தபடி. விரலால் போர்வையைக் கயிறு இழுப்பது போல் இழுத்து இழுத்து விடுகிறாள்.

ஆகஸ்ட் 24, திங்கள்

டாக்டரிடம் கேட்டேன். என்னால் வந்ததா என்று. நான் தானே அசுத்தத்தில் இறங்குகிறவன்.

"தண்ணியால வாறது. ஆருக்கும் வரலாம்" என்றார். நாங்கள் குடிப்பது லயத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவான பீலிக் குழாய்த் தண்ணீர். போன மாதம் நாலு நாள் மழையில் அது கலங்கலாய் வந்தது, கொதிக்க வை என்று நான் சொல்லவில்லை. அவள் சொல்லியிருப்பாள், எனக்குக் காதில் விழுந்திருக்காது. ஊரார் கானையெல்லாம் சுத்தம் செய்கிறவன், என் வீட்டுக் குடத்தைப் பார்க்கவில்லை.

ஞானத்துக்கு ஆள் அனுப்பினேன்.

சொல்ல: வெள்ளைக் கோழியும் முட்டையிட்டது.

ஆகஸ்ட் 26, புதன்

பெரஹரா உச்சம். ஹோட்டல் நிறைய வெள்ளைக்காரர்கள். காலையிலேயே பண்டா லயத்துக்கு ஓடிவந்தான்.

"அண்ணே, குசினி முழுக்கத் தண்ணி! கான் அடச்சிட்டு. மேனேஜர் தொரை பைத்தியம் மாதிரி கத்துறான். வாங்க, இப்பவே வாங்க."

போனேன். சின்னப்பனையும் கூட்டிக்கொண்டு. தொட்டி வழிந்து, கொழுப்புக்கட்டி குசினி வாசல்வரை மிதந்தது. அவசரத்தில் யாரோ சுடுகொழுப்பைத் தட்டோடு கானில் ஊற்றியிருக்கிறார்கள். குழாய் நடுவில் போய் உறைந்துவிட்டது. விளக்கு இறக்கிப் பார்த்தேன், அணையாமல் எரிந்தது, காற்றுக் கெடவில்லை. இறங்கினேன். பிளாச்சுக்கு மேல் பிளாச்சுக் கட்டிக் குத்தினேன். அசையவில்லை. மேலே சின்னப்பன், "அண்ணே." "ம்." "அண்ணே." "ம்."

பின்னேரம் ஆகிறது. நேரம் போகிறது. பார்க்க விடுகிற மணி அடித்திருக்கும். நான் ஊரான் கொழுப்பில் இடுப்பு வரை நிற்கிறேன். கத்தினேன், கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது. குத்தக் குத்த அழுகை வந்தது. கடைசியில் குழாய் விட்டுக்கொடுத்தது.

குளிக்காமல் ஓடினேன். தெருவெல்லாம் கூட்டம், பாய் விரித்து இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் வழி விட்டார்கள், நாற்றத்துக்கு. ஆஸ்பத்திரி வாசலில் காவற்காரன் மறித்தான். நர்ஸ் வந்து, "என்ர பொறுப்பு, விடு" என்றாள்.

மதலேன் மூக்கு அசைந்தது. கண் திறக்கவில்லை.

"வந்திட்டீங்களா."

"ம்."

"தொட்டியா?"

"ஆமா. ஹோட்டல் தொட்டி. அடச்சுப் போச்சு." கொப்பி கையில் இல்லை. இருந்தாலும் பேசினேன். பண்டா ஓடிவந்தது, துரை குசினியில் வழுக்கி விழப் போனது, சின்னப்பன் "அண்ணே"யைத் தவிர ஒன்றும் பேசாதது. பேசிக்கொண்டே இருந்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். நான் நிறுத்தினால் போர்வையை இழுத்தாள். அப்போதுதான் விளங்கியது. இப்போது கீழே இருப்பது அவள், மேலே நிற்பது நான்.

நர்ஸ் போகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27, வியாழன்

காலையிலேயே உள்ளே பார்க்க விட்டார்கள். டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குடலில் இரத்தம் என்று நர்ஸ் சொன்னாள்.

பேசினேன். நாவலப்பிட்டி ஸ்டேசனில் முதன்முதல் அவளைப் பார்த்தது, அவள் யாருடனோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. பிறக்காமல் போன பிள்ளையைப் பற்றிக்கூட. அதைப் பற்றி நாங்கள் பேசினதே இல்லை. "ம்" என்றாள். பிறகு "ம்" சிறுத்துக்கொண்டே போனது. வெறும் மூச்சாய். நான் கேட்டேன், "மதலேன், இருக்கியா?"

"ம்."

"இருக்கியா?"

நர்ஸ் கரண்டியோடு வந்து உதட்டை நனைத்தாள். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு.

மதலேன் சொன்னாள்: "போதும்."

நர்ஸ் கோப்பையை எடுத்துக்கொண்டாள். "சரி அம்மா, காணும் எண்டால் விடுவம்."

தண்ணீருக்குச் சொல்லவில்லை. தண்ணீருக்கு என்றால் காணும் என்றிருப்பாள். எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அவள் வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. அது கீழே நிற்பவன் சொல்வது.

கை தானாய் ஓடியது. இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினேன்.

"என்ன செய்யிறீங்கள்? படுக்க விடுங்கோ" என்றாள் நர்ஸ்.

"ஏத்துறேம்மா. ஏத்தச் சொல்லிட்டா."

கனமே இல்லை. தலை என் தோளில். எங்கே ஏற்றுவது என்று தெரியவில்லை. பிடித்துக்கொண்டே நின்றேன். இருக்கியா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். நர்ஸ்தான் என் கையைப் பிரித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 29, சனி

நேற்று அடக்கம். மழை. புதுச் சேலை.

ரஷீது நானா கடையைச் சாத்திவிட்டு வந்து, கல்லறை வாசலில் குடை பிடித்து நின்றார். பண்டா வந்தான். நர்ஸ் வரவில்லை, வேலை. வராவிட்டால் என்ன, அவள் போட்ட "ம்" காணும்.

ஞானம் லயத்தில் சமைத்தாள். சோறு போட்டுக்கொண்டே போனாள். நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை, இரண்டு சொல்லும் வரவில்லை. தட்டு வழிந்தது. "என்ன அத்தான்" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

செப்டம்பர் 2, புதன்

வெயில். பெரஹராக் கூட்டம் போய்விட்டது. ஹோட்டலில் தொட்டி திறக்கும் நாள்.

மூடியைத் தள்ளி ஆறவிட்டு, விளக்கு இறக்கிப் பார்த்து, இறங்கினேன். மேலே சின்னப்பன். ஞானம் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள் போல. பாவம், இன்று பேசப் பார்த்தான். வெங்காயம் விலை ஏறிவிட்டது என்றான். வேறொன்றும் கிடைக்கவில்லை. திரும்பவும் வெங்காயம் என்றான். பிறகு சத்தம் இல்லை.

கொழுப்பாடையை வழித்துக்கொண்டே நான் பேசத் தொடங்கினேன். கறுப்புக் கோழி அடை கிடக்கிறது. ஞானம் உன் சீப்பைக் கேட்டாள், கொடுக்கவில்லை, கோபித்துக்கொண்டாள். சட்டியில் ஒட்டின சோற்றை நேற்றுத்தான் ஊறவைத்தேன். குடிதண்ணீர் கொதிக்க வைக்கிறேன். உரக்கப் பேசினேன். தொட்டிக்குள் என் குரல் பெரிதாய்க் கேட்டது. மேலே இருந்து சின்னப்பன், பயந்துபோய், ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றான்.

வாளியெல்லாம் ஏற்றியாயிற்று. அடி தெரிகிறது. வேலை முடிந்தது. நான் ஏற வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், வரவில்லை. அது அவளோடு போய்விட்டது. வேறு வழியில்லாமல் கத்தினேன்.

"காணும்!"

கயிறு அசையவில்லை.

"சின்னப்பா, காணும்!"

மேலே குனிந்து எட்டிப் பார்த்தான். தோட்டத்துப் பிள்ளை, அவனுக்கு அந்தச் சொல் வேறு மாதிரித்தான் கேட்டிருக்கும்.

"என்னாத்தண்ணே காணோம்? கீழ எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?"